டி பிளஸ் ஒன்று

சென்ற மாதம் சுகந்தி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற அலுவலகத்தில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள். ஒரு புரோகிராமிங் மொழியோடு சேர்ந்து வரும் லைப்ரரியில், அதாவது ஆயத்த நிரல்களின் தொகுப்பில், எண்களை அச்சடிக்கும் பகுதியைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை.

"சார், லாங் டபுள்ல பூஜ்யம் புள்ளி ஒண்ணு போட்டு, உள்ள இருக்கறத அப்படியே காட்டுன்னு சொன்னா, ஒண்ணுக்கு அப்புறம் பத்தொன்பது பூஜ்யம் வருது. அதுக்கப்புறம் வால்ல ஒரே குப்பை. எங்க டீம்ல இப்ப ரெண்டு கட்சி. மெஷின்ல இருக்கறத முழுசாக் காட்டணும்னு ஒண்ணு. மனுஷன் போட்டதத் திருப்பிக் காட்டினாப் போதும்னு ஒண்ணு. நீங்க எந்தக் கட்சி?"

பத்தில் ஒன்று என்பதைக் கம்ப்யூட்டரால் சரியாக எழுதி வைத்துக்கொள்ள முடியாது. பாதி, பாதியில் பாதி என்று வெட்டித்தான் அதற்குப் பழக்கம். எவ்வளவு வெட்டிச் சேர்த்தாலும் பத்தில் ஒன்றுக்கு மிக அருகில் போய் நின்றுவிடும். அந்த மிச்சம்தான் சுகந்தி சொல்லும் குப்பை. இதெல்லாம் அவளுக்கே தெரியும். அவள் கேட்டது கட்சி.

"முதல் கட்சிய இந்தப் பக்கத்துல ஆரம்பிச்சவனே நான்தாம்மா" என்றேன். "ஒரு கப்பல் தரைதட்டினதுக்கு அப்புறம் விலகிட்டேன்."

அவள் சிரித்தாள். நான் சிரிக்காததைக் கவனித்துவிட்டு, "எழுதி அனுப்புங்க சார்" என்றாள். இதோ.

பாளையங்கோட்டையில் கணிதம் படித்தேன். மெட்ராஸில் ஆறு மாதம் ஃபோர்ட்ரான் படித்தேன். அந்த ஆறு மாதத்தில் அட்டையில் துளை போடவும், துளை போட்ட அட்டைக்கட்டைக் கீழே போடாமல் நடக்கவும் கற்றுக்கொண்டேன். இவ்வளவு படித்தவனைச் சும்மா விடக்கூடாது என்று தூத்துக்குடியில் வேலை கொடுத்தார்கள். எழுபதுகளின் நடுப்பகுதி. கடலின் ஆழத்தை அளந்து, கப்பல்காரர்களுக்குப் பட்டியல் போட்டுத் தருகிற ஓர் அளவை அலுவலகம். பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை. ஊரே வெக்கையில் வெந்துகொண்டிருக்க, கம்ப்யூட்டர் மட்டும் குளிர் அறையில் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்கிறவன் என்ற முறையில் நானும் குளிரில் இருந்தேன். அந்தத் திமிர் ஒன்றே போதும், மற்றது தானாக நடந்தது.

என் மேலதிகாரி சதாசிவம் சார், திருநெல்வேலிக்காரர். சட்டைப்பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில். கம்ப்யூட்டரிலிருந்து தாள் வந்ததும் அதை மேசையில் விரித்து, இரண்டு கையாலும் நீவி, பென்சில் முனையை முதல் எண்ணின் முதல் இலக்கத்தில் வைப்பார். உதடு அசையும். ஒன்று, இரண்டு, மூன்று. கடைசி இலக்கம் வந்ததும் ஒரு டிக். அடுத்த எண். அவர் எண்ணைப் படித்து நான் பார்த்ததே இல்லை. எண்ணுவார்.

"எத்தன இலக்கம் வே இது?"

"எட்டு சார்."

"இந்த மெஷினு எவ்வளவு வரைக்கும் தாங்கும்?"

"இரட்டைத் துல்லியத்துல பதினாறு, பதினேழு வரைக்கும் தாங்கும் சார்."

"பொறவு எட்டோட ஏன் வே நிறுத்துதீரு? மிச்சத்த வீட்டுக்குக் கொண்டு போறீரா?"

எட்டோடு நிறுத்தியது நானல்ல, லைப்ரரி. மெஷினோடு வந்த ஃபோர்ட்ரானின் அச்சு ரொட்டீன், அதாவது எண்ணை அச்சடிக்கும் நிரல் துண்டு, இரட்டைத் துல்லிய எண்ணையும் எட்டு இலக்கத்தில் வெட்டித்தான் வெளியே விட்டது. எழுதியவன் ஏதோ ஒரு தேசத்தில் இருந்த விவரமானவன் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது சோம்பேறி என்று நினைத்தேன்.

அந்த ரொட்டீனை நானே திருத்தி எழுதினேன். மூன்று வாரம். வேலை எளிதுதான்: எண்ணைப் பின்னமாக்கு, பத்தால் பெருக்கு, புள்ளிக்கு முன்னால் வந்து நிற்கும் இலக்கத்தைக் கழற்றி வை, மிச்சத்தை மறுபடி பத்தால் பெருக்கு. எத்தனை முறை பெருக்குகிறாயோ அத்தனை இலக்கம். பதினாறில் நிறுத்தியிருக்கலாம். வயது இருபத்து மூன்று. பதினெட்டு வரைக்கும் போனேன். கடைசி இரண்டு இலக்கத்துக்கும் கடலுக்கும் எந்த உறவும் கிடையாது என்று எனக்குத் தெரியும். சாரின் முகத்தில் வரப்போகும் சந்தோஷமும் தெரியும்.

இனி, அந்தப் பதினெட்டு இலக்கம் எங்கிருந்து பிறந்தது என்று சொல்ல வேண்டும்.

மிக்கேல் அண்ணாச்சியின் கையிலிருந்து பிறந்தது. ஆலந்தலைக்காரர். இளவயதில் சங்கு குளித்தவர். காது ஒன்று மந்தமானதும் கரையேறி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். படகின் முன்பக்கம் நின்று, கயிற்றில் கட்டிய ஈயக்குண்டை வீசுவார். குண்டு தரையில் முட்டியதும் கயிற்றைச் சுண்டி நேராக்கி, அதில் கட்டியிருக்கும் துணி முடிச்சைப் பார்த்துக் குரல் கொடுப்பார்: "நாலு பாகம்!" இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம். படகில் ஒருவர் அதை நோட்டில் எழுதுவார். கரையில் வந்து ஓதத்தின் ஏற்றத்தை, அதாவது கடல் பொங்கியதால் கூடிய தண்ணீரை, கழித்து, கால் பாகத்துக்குத் திருத்தி, என்னிடம் தருவார்கள். நான் பாகத்தை மீட்டராக்குவேன்.

நாலு பாகம் என்றால் ஏழு மீட்டரும் கொஞ்சமும். என் ரொட்டீன் அதை இப்படி அச்சடித்தது:

0.731519999999999999D+01

முதன்முதலாக இதைப் பார்த்தபோது சார் எழுந்து நின்றுவிட்டார். பதினெட்டு வரைக்கும் எண்ணி, டிக் போட்டு, "கடைசில வாற ஒம்பதக் கூட விடல பாரும்" என்றார்.

மிக்கேல் அண்ணாச்சியும் எட்டிப் பார்த்தார். "இது என்னது தம்பி?"

"நீங்க சொன்ன நாலு பாகம் அண்ணாச்சி."

"நான் ஒத்த சொல்லுதான சொன்னேன்? அதுக்கா இம்புட்டு நீளம்?"

கயிறு அலையில் ஒரு சாண் ஆடும். அவர் கத்துவது காற்றில் போகும். அதில் வந்த நாலு பாகத்தை, மணலின் ஒரு பொடியைக் கோடி கூறாக்கினாலும் அதைவிடச் சின்னதான அளவு வரைக்கும் நான் அச்சடித்தேன். இடத்தைக் கணிக்கும் கோணக் கணக்குக்கு அந்தத் துல்லியம் வேண்டியதுதான். ஆழத்துக்கு எதற்கு என்று கேட்க அந்த அலுவலகத்தில் ஒருவர்தான் இருந்தார், அவர் தினக்கூலி.

ஒன்பது வருடமாகத் தினக்கூலி. அந்த வருடம் அவரை நிரந்தரமாக்கத் தலைமை அலுவலகத்துக்குப் பட்டியல் போக வேண்டியிருந்தது. அதில் சாரின் கையெழுத்து வேண்டும். மிக்கேல் அண்ணாச்சி அதைப் பற்றிப் பேசவே மாட்டார். ஆனால் காலையில் சாரின் சைக்கிள் வந்ததும் ஓடிப்போய்ப் பிடித்து நிழலில் நிறுத்துவார். ஒன்பது வருடம் கடலை அளந்த மனிதர் சைக்கிளுக்கு ஓடுவதைப் பார்த்தால் விஷயம் எவ்வளவு பெரியது என்று தெரியும்.

பதினெட்டு இலக்கத்துக்குத் தாளில் இடம் போதவில்லை. "எதையாவது எடும்" என்றார் சார். இலக்கத்தை எடுக்க முடியாது. மேலே இருந்த தலைப்பு வரியை எடுத்தேன். 'ஆழம், மீட்டரில்' என்று இருந்தது. இப்போது தாளில் இட எண், அதன் பக்கத்தில் ரயில் மாதிரி ஓர் எண், வாலில் D+01. அவ்வளவுதான். பார்க்க மிக அழகாக இருந்தது.

டி என்றால் டபுள், இரட்டைத் துல்லியம். பிளஸ் ஒன்று என்றால் புள்ளியை ஓர் இடம் வலப்பக்கம் தள்ளிப் படி என்று அர்த்தம். ஃபோர்ட்ரான் படித்தவனுக்கு இது பாலபாடம். ஆனால் துறைமுகத்தில் டி என்ற எழுத்துக்கு ஏற்கெனவே ஒரு சொந்தக்காரர் இருந்தார். அங்கே டி என்றால் டிராஃப்ட். கப்பல் தண்ணீருக்குள் எவ்வளவு அமிழ்ந்து நிற்கிறது என்ற அளவு. சரக்கு ஏற்றுகிறவன், கயிறு கட்டுகிறவன், கேன்டீன்காரன் வரைக்கும் தெரிந்த எழுத்து. எனக்கு மட்டும் தோன்றவில்லை. நான்தான் குளிர் அறையில் இருந்தேனே.

ஊருக்குத் தெற்கே ஒரு தனியார் கம்பெனி உப்பு ஏற்றக் கடலுக்குள் நீளும் சின்ன மேடையாக ஒரு ஜெட்டி கட்டியிருந்தது. முதல் கப்பல் வரப்போகிறது, வழியின் ஆழப் பட்டியல் வேண்டும் என்று கேட்டார்கள். கொடுத்தோம். கப்பல் வந்தது. எங்கள் பட்டியலின் பதினாலாம் இடத்தில் மணலில் ஏறி உட்கார்ந்தது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த ஓதத்தில் இழுவைப் படகு வைத்து இழுத்ததும் இறங்கிவிட்டது. ஆனால் அரை நாள் அது கரையிலிருந்து பார்க்கிற தூரத்தில் சாய்ந்து நின்றது. திருச்செந்தூர் பஸ்ஸில் போனவர்களெல்லாம் இறங்கி வேடிக்கை பார்த்தார்கள். சுண்டல் விற்றது.

மறுநாள் காலை விசாரணை. சார் மேசைக்குப் பின்னால். மிக்கேல் அண்ணாச்சி முன்னால், நின்றுகொண்டு. நான் சன்னல் ஓரம்.

"கம்ப்யூட்டரு தப்பு பண்ணாது" என்று சார் ஆரம்பித்தார். "பதினெட்டு இலக்கம் இருக்கு. நான் எண்ணி டிக் போட்டிருக்கேன். அப்பம் தப்பு எங்கன? கயித்துலதான். மிக்கேலு, பதினாலுல நீ கூப்பிட்டது தப்பு. இந்தத் தாள்ல எழுதியிருக்கேன். கையெழுத்துப் போட்டுரு, லேசா முடிச்சிருவோம்."

"நான் ரெண்டரப் பாகம்னுதான் கூப்பிட்டேன் ஐயா."

"நெரந்தரப் பட்டியலு நேத்துத்தான் அனுப்பியிருக்கேன். ஞாபகம் வச்சுக்கோ. நீ கையெழுத்துப் போடலன்னா வெசாரண மேல போவும். பட்டியல்ல உன் பேரு நிக்குமா?"

மிக்கேல் அண்ணாச்சி தாளைப் பார்த்தார். மந்தமான காதைத் தடவிக்கொண்டார். "ரெண்டரன்னு எழுதுங்க, போடுதேன். தப்புன்னு எழுதினா எப்படிப் போடுவேன்? நாளைக்கு நான் குண்ட வீசிட்டு எத்தனன்னு சொன்னா எந்தத் தோணிக்காரன் நம்புவான்?"

நான் வாய் திறக்கவில்லை. என் ரொட்டீன் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை என்று சொல்லிக்கொள்ளலாம். பயம் என்பதுதான் சரி.

மத்தியானம் சைக்கிள் எடுத்துக்கொண்டு ஜெட்டிக்குப் போனேன். கம்பெனியின் கப்பல் கிளார்க் பொன்னுத்துரை, கப்பலுக்கு வழி சரி என்று எழுதிக் கொடுத்தவர், உப்புக் குவியல் நிழலில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். எங்கள் பட்டியலைக் கேட்டேன். கொடுத்தார். ஒவ்வொரு வரியிலும் D+01 என்பதை நீல மையில் வட்டமிட்டு, பக்கத்தில் 'ஓகே' என்று எழுதியிருந்தார்.

"இது என்ன அண்ணாச்சி ஓகே?"

"நீங்கதான போட்டிருக்கிய? டி பிளஸ் ஒண்ணு. கப்பலோட டிராஃப்டுக்கு மேல ஒரு மீட்டர் தண்ணி. எல்லா எடத்துலயும் ஒரு மீட்டர் சொளையா இருக்கு, வரலாம்னு எழுதிக் குடுத்தேன்."

வரியின் தொடக்கத்தை விரலால் காட்டினேன். "முன்னால இருக்கிற நம்பர்?"

"அதுவா? உங்க ஆபீஸ் சீரியல் நம்பருன்னு நெனச்சேன். அம்புட்டு நீளமா வேற என்னத்த தம்பி எழுதுவாக?"

ஒரு மீட்டரிலிருந்து பத்து மீட்டருக்கு உட்பட்ட எந்த ஆழமும் என் ரொட்டீனில் D+01 என்றுதான் முடியும். இரண்டு மீட்டரும் அப்படித்தான், ஒன்பது மீட்டரும் அப்படித்தான். முழங்கால் ஆழத்தைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் பொன்னுத்துரை ஓகே போட்டிருப்பார்.

திரும்பி வந்து சாரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. "படிக்கத் தெரியாதவன் படிச்சா மெஷினு என்ன வே செய்யும்?" என்றார். படகில் போய் மறுபடி அளந்து பார்த்துவிடலாம், பொன்னுத்துரையும் வரட்டும் என்றேன். பதினெட்டு இலக்கம் ஜெயிக்கும் என்ற தைரியத்தில் சார் ஒப்புக்கொண்டார்.

மறுநாள் காலை நாலு பேரும் படகில். சார் ஷூவோடு, ஒரு கையில் குடை, மறு கையில் பட்டியல். பதினாலாம் இடத்தில் மிதவை ஆடிக்கொண்டிருந்தது. மிக்கேல் அண்ணாச்சி குண்டை வீசினார். கயிறு தளர்ந்தது. சுண்டிப் பிடித்தார். ஓதத்தைக் கழித்துச் சொன்னார்.

"ரெண்டரப் பாகம். அன்னைக்கும் ரெண்டர, இன்னைக்கும் ரெண்டர. கடலு ஒரு எடத்துக்கும் போவல ஐயா."

"கம்ப்யூட்டரு என்ன சொல்லுது?" என்று சார் என்னைக் கேட்டார்.

"பட்டியல் உங்க கையிலதான் இருக்கு. நீங்களே படிங்க சார்."

சார் குடையைப் பொன்னுத்துரையிடம் கொடுத்துவிட்டுப் பென்சிலை எடுத்தார். பதினாலாம் வரி. உதடு அசைந்தது. "பதினெட்டு. சரியா இருக்கு."

"எண்ணச் சொல்லல சார். எவ்வளவு ஆழம்னு படிங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். வேறு வழியில்லை. படித்தார். "பூஜ்யம் புள்ளி நாலு, அஞ்சு, ஏழு, ஒண்ணு, ஒம்பது, ஒம்பது, ஒம்பது, ஒம்பது..." எட்டாவது ஒன்பதில் படகு ஆடியது. விட்ட இடம் தெரியவில்லை. மறுபடி முதலிலிருந்து. கடைசியில் நிமிர்ந்து, "அர மீட்டருக்குக் கொஞ்சம் கொறச்சல்" என்றார்.

மிக்கேல் அண்ணாச்சி கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "அர மீட்டரா? அப்பம் எறங்கி நடந்து போயிரலாம் ஐயா. ஷூவக் கழட்டிக்கோங்க" என்றார்.

"இல்ல அண்ணாச்சி, அது சீரியல் நம்பரு" என்று பொன்னுத்துரை குடையடியிலிருந்து சொன்னார். "ஆழம் வால்ல இருக்கு. டி பிளஸ் ஒண்ணு."

கீழே நாலரை மீட்டர் தண்ணீர், அந்தக் கப்பலுக்குப் போதாத ஆழம், சும்மா கிடந்தது. ஓர் எண்ணுக்கு மூன்று அர்த்தம். சரியான அர்த்தம் தெரிந்தவன் நான் ஒருவன்தான், அதையும் நான்தான் மறைத்து அச்சடித்திருந்தேன். சொல்லிவிட்டேன். ரொட்டீன் என்னுடையது, தலைப்பை எடுத்ததும் நான்தான், மிக்கேல் அண்ணாச்சி சொன்னதில் ஓர் அங்குலம் தப்பில்லை என்று.

"எதையாவது எடுக்கச் சொன்னது யாரு?" என்று பொன்னுத்துரை கேட்டார். நான் கடலைப் பார்த்தேன். சாரும் கடலைப் பார்த்தார். கரை வந்து சேரும் வரை எல்லாரும் கடலையே பார்த்தோம்.

மிக்கேல் அண்ணாச்சி கையெழுத்துப் போட வேண்டிய தாளை சார் கிழித்துவிட்டார். அறிக்கை போயிற்று: கடலடி மணல் எதிர்பாராத விதமாக இடம் பெயர்ந்ததால் நேர்ந்தது. அந்த விவகாரத்தில் கையெழுத்துப் போடச் சொல்லி யாரும் கேட்க முடியாத ஒரே ஆள் மணல்தான்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் முதல் கட்சியிலேயே இருந்திருப்பேன். தலைப்பை மட்டும் திரும்பப் போட்டுவிட்டு.

மூன்று வாரம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. நிரந்தரப் பட்டியல் பற்றி. சார் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். 'மிக்கேல்: பணிக்காலம் 0.9 ஆண்டு. ஓராண்டு நிறைவுற்றபின் பரிசீலிக்கலாம்.' அதற்குக் கீழே எங்கள் அலுவலக வாட்ச்மேன் பெயர், அவரும் தினக்கூலி. அவர் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவர். அவருக்கு 0.12 ஆண்டு, அதாவது ஒன்றரை மாதம்.

அலுவலகத்திலிருந்து எந்த எண் வெளியே போனாலும் என் ரொட்டீன் வழியாகத்தான் போகவேண்டும் என்பது சாரின் உத்தரவு. பட்டியலும் அப்படித்தான் போயிருந்தது. ஒன்பது வருடம் 0.9 என்று தொடங்கி, பதினேழு பூஜ்யத்தை இழுத்துக்கொண்டு, D+01 என்று முடிந்திருந்தது. அங்கிருந்த குமாஸ்தா பாவம், பூஜ்யத்தையும் வாலையும் விட்டுவிட்டு, மனுஷன் படிக்கிற மாதிரி படித்துவிட்டார்.

மிக்கேல் அண்ணாச்சியிடம் நான்தான் சொன்னேன். அவர் தன் கையை விரித்துப் பார்த்தார். உப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த உள்ளங்கை.

"தண்ணில கெடந்தா தோலு சுருங்கும் தம்பி. வருசமுமா சுருங்கும்?"

அன்று குளிர் அறைக்குப் போகவில்லை. சாரின் மேசை எதிரிலேயே உட்கார்ந்து, ஒரு வெள்ளைத் தாளில் பேனாவால் எழுதினேன். 'மிக்கேல் இந்த அலுவலகத்தில் ஒன்பது வருடம் வேலை பார்த்திருக்கிறார்.' அடுத்த வரியில் வாட்ச்மேனுக்கு, 'பன்னிரண்டு.' சாரிடம் நீட்டினேன்.

பழக்கம் விடுமா? பென்சில் முனை 'ஒன்பது' மேல் போய் நின்றது. உதடு அசைந்தது.

"நாலுதானா வே?"

"அவ்வளவுதான் சார்."

பென்சில் கொஞ்ச நேரம் அந்த நாலு எழுத்துக்கு மேலேயே ஆடிக்கொண்டிருந்தது. பிறகு அதைப் பையில் செருகிவிட்டு, பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த வாரமே ரொட்டீனை இரண்டாக்கினேன். வெளியே போகும் பட்டியலில் ஆழம் புள்ளிக்குப் பின் ஓர் இலக்கத்தோடு நிற்கும், மேலே 'மீட்டரில்' என்று இருக்கும், டி கிடையாது. சாருக்கு மட்டும் பதினெட்டு இலக்கத்தில் தனிப் பிரதி. அவர் ஓய்வு பெறும் வரை தினமும் எண்ணி டிக் போட்டார். சுகந்தி, உன் கேள்விக்கு அதுதான் பதில்: மெஷினில் இருப்பது முழுசாக வேண்டும் என்று கேட்கிறவருக்கு முழுசாகக் கொடு. கேட்காதவருக்கு அதை அனுப்பிவிடாதே.

நிரந்தர ஆர்டர் அடுத்த மாதம் வந்தது. இங்கிலீஷில், அரைப் பக்கம். மிக்கேல் அண்ணாச்சி அதைப் பிரிக்காமலே கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். எத்தனை சம்பளம் என்று கேட்கவில்லை. எந்தத் தேதியிலிருந்து என்றும் கேட்கவில்லை.

"டி இருக்கா பாரு தம்பி."

வரிவரியாகத் தேடினேன். 'அப்பாயிண்டட்' என்ற சொல்லின் கடைசியில் ஒன்று இருந்தது.

"ஒண்ணு இருக்கு அண்ணாச்சி" என்றேன். "ஆனா அதுக்குப் பின்னால பிளஸ் இல்ல."